இருட்டுக்கு வேலி

இரவு பத்து மணிக்கு எங்கள் கூடாரத்தில் லைட் எரியும். டைமர் டக்கென்று ஒரு சத்தம் போடும். அடுத்த நொடி மூன்று வரிசை பல்புகளும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். மூடுபனி இறங்கிய நாட்களில் பொலித்தீன் கூடாரம் முழுவதும் பால் ஊற்றியது போல் வெளுத்து நிற்கும். இலங்கையில் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் எங்கள் சரிவுக்கு எதிர்மலையில் இருப்பவர்கள், முதல் வருஷம், ஏதோ கோயிலில் விசேஷம் என்றுதான் நினைத்தார்களாம்.

உள்ளே இருப்பது செவ்வந்தி. அதற்கு இரவில் எதற்கு லைட் என்று கேட்காத ஆள் இல்லை. அதிகம் கேட்டது என் அப்பாயி. குப்பி விளக்கில் வாழ்ந்து முடித்த தலைமுறை அவர். லயம் என்கிற தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பரா அறைக்குள் மண்ணெண்ணெயை அளந்து அளந்து ஊற்றியவர். ஒரு நாள் கூடாரத்து வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "ஏன் தம்பி, ராவுல அதுகளத் தூங்க விடாம வெளிச்சம் போட்டு வச்சிருக்க? தூங்குனாத்தான பூக்கும்?"

நான் அப்போது சிரித்துவிட்டு, செடி வளர்வதற்காகத்தான் லைட் என்று ஏதோ சொன்னேன். உண்மையில் அப்பாயி சொன்னதுதான் சரி. தூங்கவிட்டால் பூத்துவிடும். பூக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுப்பி எழுப்பி வைக்கிறோம்.

செவ்வந்தி ஒரு குறும்பகல் தாவரம். பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லை எல்லோரும் படித்திருப்போம், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். பகல் சுருங்கி இரவு நீளும்போது பூக்கிற செடி என்று பொருள். செவ்வந்தியில் பெரும்பாலான இனங்களுக்குப் பகல் பதின்மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மொட்டு சரியாக வளராது. அதற்குக் கீழே இறங்கினால், இலை விடுவதை நிறுத்திவிட்டு மொட்டுக் கட்டத் தொடங்கும்.

இப்போது நம் நாட்டை நினைத்துப் பாருங்கள். நுவரெலியா நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைதான் வடக்கே இருக்கிறது. இங்கே டிசம்பரில் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11 மணி 43 நிமிடம். ஜூனில் மிக நீண்ட பகல் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். வருஷம் முழுவதும் பார்த்தாலும் ஐம்பது நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. பதின்மூன்றரை என்பது நமக்கு எந்த மாதத்திலும் கிடையாது.

அதாவது இந்த மண்ணில் செவ்வந்திக்கு எந்த நாளும் பூக்கும் நாள்தான். நாற்றை நட்டு, வேர் பிடித்து, ஒரு சாண் வளர்வதற்குள் உச்சியில் மொட்டு வந்துவிடும். வீட்டு முற்றத்துச் சட்டிக்கு அது அழகுதான். பூக்கடைக்கு அனுப்ப முடியாது. மலர் வளையத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் எழுபது, எண்பது சென்ரிமீற்றர் நீளத்தில் நிமிர்ந்த தண்டு கேட்பார்கள். அந்த நீளம் வரும்வரை செடியை நம்ப வைக்க வேண்டும்: இன்னும் கோடைதான், இரவு இன்னும் குட்டையாகத்தான் இருக்கிறது, அவசரப்படாதே என்று. எங்கள் கூடாரத்தில் எரிவது, இந்த மலைக்கு ஒருபோதும் வராத ஒரு கோடைகாலம்.

குளிர் நாடுகளில் இந்த வேலை தலைகீழ். அங்கே கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். செவ்வந்தி பூக்கவே பூக்காது. மாலை ஐந்து மணிக்கே கறுப்புத் துணியை இழுத்துக் கூடாரத்தை மூடி, காலை எட்டுக்குத் திறப்பார்கள். அவர்கள் இரவைச் செய்கிறார்கள், நாங்கள் இரவை உடைக்கிறோம்.

உடைக்கிறோம் என்று சொன்னது யோசித்துத்தான். பகலை நீட்ட வேண்டுமானால் மாலை ஆறரையிலிருந்து லைட் போட்டால் போதாதா, ஏன் நடுராத்திரியில் என்று கேட்கலாம். மாலையில் போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் மின்சாரம் அதிகம் பிடிக்கும். செடி உண்மையில் பார்த்துக்கொண்டிருப்பது பகலின் நீளத்தை அல்ல, இடைவிடாத இருட்டின் நீளத்தை. பன்னிரண்டு மணி நேர இருட்டின் நடுவில் பத்திலிருந்து இரண்டு வரை வெளிச்சம் விழுந்தால், செடிக்கு அது இரண்டு துண்டு இருட்டாகத்தான் தெரியும். நான்கு மணி நேரம் ஒன்று, நான்கு மணி நேரம் ஒன்று. இரண்டும் போதாது. மொட்டு வராது.

இதைக் கண்டுபிடித்த கதையில் கஞ்சாச் செடிக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. பாரிஸில் ஜூலியன் தூர்ன்வா என்ற இளம் ஆய்வாளர் 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கஞ்சாவையும், பியரில் சேர்க்கும் ஹொப்ஸ் கொடியையும் கண்ணாடி வீட்டில் வளர்த்தார். குளிர்காலத்தில் விதைத்த செடிகள் முளைத்துக் கொஞ்ச நாளிலேயே, குட்டைச் செடியாக இருக்கும்போதே பூத்தன. எங்கள் செவ்வந்தி ஒரு சாணில் மொட்டு வைப்பது போலத்தான். ஒளியைக் குறைத்துக் குறைத்துச் சோதித்துப் பார்த்து, காரணம் பகல் சுருங்குவதைவிட இரவு நீள்வதுதான் என்று 1914-இல் எழுதினார். அந்த ஆண்டு தொடங்கிய உலகப் போரிலேயே அவர் உயிர் போய்விட்டது. தொடர்ந்து செய்திருந்தால் இந்தத் துறையே அவர் பெயரில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பெயர் கிடைத்தது அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவருக்கு. 'மேரிலாண்ட் மமத்' என்றொரு புகையிலை இனம், கோடையில் மரம் மாதிரி வளர்ந்துகொண்டே போய்ப் பூக்க மறுத்தது. வெப்பம், ஈரம், உரம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டு, 1918 கோடையில் செடிகளை மாலையில் ஓர் இருட்டுக் கொட்டிலுக்குள் தள்ளி, காலையில் வெளியே எடுத்தார்கள். பூத்துவிட்டது. 1920-இல் அதை வெளியிட்டார்கள். அவர்களும் பகலின் நீளம் என்றுதான் சொன்னார்கள். 1938-இல் ஹாம்னர், போனர் இருவரும் மருளூமத்தைச் செடியை வைத்து, நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே பூப்பது நின்றுவிடுகிறது என்று காட்டியபோது, தூர்ன்வா சொன்னது உறுதியானது. எங்கள் பத்து மணி லைட்டுக்கு அடிப்படை அந்தப் பரிசோதனை.

கஞ்சாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுச் செவ்வந்திக்குத் திரும்புகிறேன். அனுமதி உள்ள நாடுகளில் மூடிய அறைக்குள் அதை வளர்ப்பவர்கள் முதலில் 18 மணி நேரம் வெளிச்சம், 6 மணி நேரம் இருட்டு என்று வைப்பார்கள். வேண்டிய அளவு வளர்ந்ததும் 12-க்கு 12 ஆக மாற்றுவார்கள். அதைப் பார்த்துப் பூக்கும். நம் நாட்டில் அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றம், எனக்கு அதில் அனுபவமும் இல்லை. ஆனால் அந்த 12-க்கு 12-ஐ வாசித்தபோது எனக்கு உடனே புரிந்தது ஒன்றுதான்: அவர்கள் காசு கொடுத்து உண்டாக்குகிற அந்த நாள், எங்கள் மலையில் விடிந்தால் வருகிற நாள்.

சரி, செவ்வந்தி.

நாற்றுக்கான வெட்டுத்துண்டுகளைத் தாய்ச்செடியிலிருந்து எடுக்கிறோம். அந்தத் தாய்ச்செடிகளுக்கு வருஷம் முழுவதும் ஓர் இரவுகூட விடாமல் லைட் எரிய வேண்டும். தாய் மொட்டு வைக்கத் தொடங்கிவிட்டால் துண்டிலும் அந்த எண்ணம் ஏறிவிடும், நட்ட கையோடு பூக்கப் பார்க்கும். துண்டுகள் தும்புத்தூளும் மணலும் கலந்த தட்டில் வேர் விட்டதும் பாத்திக்கு வரும். பாத்தியில் நான்கு, ஐந்து வாரம் லைட். தண்டு முழங்கால் அளவு வந்ததும் அந்தப் பாத்திக்கு மட்டும் லைட்டை நிறுத்திவிடுவோம். அதன் பிறகு பூ வர எத்தனை வாரம் என்பது இனத்தைப் பொறுத்தது. எட்டு வார இனம், ஒன்பது வார இனம் என்றுதான் அவற்றைச் சொல்வோம். நம் மலையில் இரவுக் குளிர் அதிகம் என்பதால், நான் எப்போதும் ஒரு வாரம் கூட்டித்தான் கணக்கு வைப்பேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வெள்ளைச் செவ்வந்தி வேண்டுமென்றால், ஒன்பது வார இனத்துக்குப் பத்து வாரம் பின்னால் எண்ணி, ஆகஸ்ட் 24 இரவு லைட்டை நிறுத்த வேண்டும். அதற்கு ஐந்து வாரம் முன்னால், ஜூலை 20-இல், நாற்று பாத்தியில் இருக்க வேண்டும். இந்தத் தேதிகளைக் கூடாரத்து மரக்காலில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன். பூக்கடைக்காரர்கள் பூவைப் பற்றிப் பேசும்போது எனக்கு அந்தச் சுண்ணாம்பு எழுத்துத்தான் நினைவுக்கு வரும்.

கடினமான பகுதி லைட் போடுவது அல்ல. அது காசு கேட்கும், அவ்வளவுதான். முதலில் குண்டு பல்பு போட்டோம், கரண்ட் பில் கழுத்தை நெரித்தது. பிறகு சுருள் பல்பு, இப்போது எல்இடி. செடியின் இலைக்குள் பைட்டோகுரோம் என்றொரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் வந்ததா இல்லையா என்று பார்ப்பது அதுதான். அதற்குச் சிவப்பு ஒளிதான் நன்றாகத் தெரியும். அதனால் மஞ்சள் கலந்த எல்இடி போதுமானது, கண்ணைக் கூசும் நீலவெள்ளை தேவையில்லை. செடியின் உச்சியில் 100 லக்ஸ் இருந்தால் வேலை நடக்கும். புத்தகம் படிக்கும் வெளிச்சத்தைவிடக் குறைவு அது. நான் செல்போன் செயலியில் பாத்தி பாத்தியாக அளந்து பார்ப்பேன். கூடாரத்தின் மூலைகளில்தான் குறையும். மூலைச் செடி பத்து நாள் முன்னால் மொட்டு வைத்தால் பல்பு தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். நான்கு மணி நேரமும் தொடர்ந்து எரிய வேண்டியதும் இல்லை, விட்டு விட்டு எரிந்தாலும் செடி ஏமாறும். அரை மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்துப் பார்த்தேன், பில் பாதிக்கும் கீழே வந்தது.

கடினமான பகுதி, நிறுத்திய பிறகு வருவது. அன்றிலிருந்து மொட்டில் நிறம் தெரியும்வரை ஒவ்வோர் இரவும் முழு இருட்டாக இருக்க வேண்டும். இருட்டுக்கு விலை இல்லை என்று நினைத்திருந்தேன். காவல்தான் வேண்டியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆவணி மாதம். கிழக்கு ஓரத்துப் பாத்தி மட்டும் பூக்கவில்லை. மற்றப் பாத்திகளில் மொட்டு கடுகு மாதிரி திரண்டிருந்தது. கிழக்கில் இலை, இன்னும் இலை. உரம் கூடிவிட்டதா, வேரில் நோயா என்று இரண்டு வாரம் குழம்பினேன். ஒரு நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து பார்த்தபோது, என் நிழல் கூடாரத்துச் சுவரில் விழுந்தது. நிலவில்லாத நாள். திரும்பிப் பார்த்தால், மேல்லயத்துக் கோடியில் புதிதாக ஒரு பெரிய லைட்.

அந்த லயத்தில் நாய் இரண்டு காணாமல் போயிருந்தது. தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாட்டம். விடிகாலையில் பிள்ளைகள் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. எல்லோரும் காசு போட்டு வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கோடிக் காம்பராவில் இருக்கும் பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே, "பூவுக்கு ஆகாதுன்னா நாங்க அணைச்சுப்புடறோம்பா, அதுக்கென்ன" என்றார். சொன்ன வேகத்தில் கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோய்விட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. இந்த லயங்களுக்குக் கரண்ட் வருவதற்கு எத்தனை வருஷம் ஆனது என்று எனக்குத் தெரியும். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு குப்பி விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் உட்கார்ந்து படித்த காலத்தை நானும் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்களிடம் போய், என் பூவுக்காக வெளிச்சத்தை அணையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? "வேண்டாம் பெரியம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, டவுனில் கறுப்புப் பொலித்தீன் வாங்கி, கிழக்குப் பக்கம் முழுவதும் திரை கட்டினேன். மாலை ஆறுக்கு இறக்குவது, காலை ஆறுக்குச் சுருட்டுவது. காற்று அடித்தால் கிழியும். ஈரம் தேங்கினால் வெள்ளைத் துரு நோய் வரும் என்பதால் அடியில் ஒரு முழம் இடைவெளி விட வேண்டியிருந்தது. அந்தத் திரைக்குப் பின்னால் மூன்று வாரம் கழித்துக் கிழக்குப் பாத்தியும் மொட்டு வைத்தது.

இதே விஷயத்தை நுவரெலியா டவுனிலும் பார்க்கலாம். நத்தார் காலத்தில் உச்சி இலைகள் சிவக்கும் பொயின்செட்டியா, இங்கே வேலியோரத்தில் ஆள் உயரத்துக்கு வளரும். அதுவும் குறும்பகல் தாவரம்தான். தெருவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கும் செடியில், விளக்கைப் பார்த்த கிளைகள் பச்சையாகவும், மறுபக்கக் கிளைகள் சிவப்பாகவும் இருக்கும். ஒரே செடி, ஒரே வேர். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அந்தச் செடியிடம் நிறுத்திக் காட்டாமல் வருவதில்லை.

நிலவு கெடுக்காதா என்று கேட்பார்கள். கெடுக்காது. பௌர்ணமி நிலவு ஒரு லக்ஸ்கூட வராது, செடி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பௌர்ணமியை வெளிச்சமாகவும், லயத்து லைட்டைக் கோடையாகவும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த இலை!

2022 மார்ச்சை இங்கே எழுதாமல் விட முடியாது. நாடு முழுவதும் மின்வெட்டு. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. ஜெனரேட்டர் இருந்தவர்களுக்கும் டீசல் இல்லை. கரண்ட் இருக்கிற இரவுகளிலாவது லைட் எரியும் என்று நம்பியிருந்தேன். என்னுடையது பல்சக்கரம் சுற்றுகிற பழைய டைமர். கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து சுற்றும். பகலில் ஏழு மணி நேரம் கரண்ட் போனால், இரவு பத்துக்கு எரிய வேண்டியது விடிகாலை ஐந்துக்கு எரியும். மறுநாளும் ஏழு மணி நேரம் போனால் நண்பகலில் எரியும். நானும் பெட்ரோல் வரிசை, கேஸ் வரிசை என்று அலைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி வெயிலில், கூடாரத்துக்குள் எல்லாப் பல்பும் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் நெஞ்சு பகீரென்றது. எத்தனை இரவு இருட்டில் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அதற்குள் செடிகள் முடிவெடுத்துவிட்டன. தண்டு ஒரு முழம்கூட இல்லை, உச்சியில் மொட்டு. அவசரமாக லைட்டைச் சரிசெய்ததில் நிலைமை இன்னும் மோசமானது. பாதி மொட்டுகள் வளரவும் இல்லை, இலையாகத் திரும்பவும் இல்லை, நடுவில் சிக்கிக்கொண்டு கோணலாகத் தடித்து நின்றன. ஒரு முறை பூக்கச் சொல்லிவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதை அன்றுதான் பார்த்தேன். ஒழுங்காகப் பூத்தவற்றைக் காம்பில்லாமல் கிள்ளி, மாலை கட்டுபவர்களுக்கு நிறுத்துக் கொடுத்தேன். மூன்று மாத உழைப்பு அது. மறு மாதமே பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கினேன். கரண்ட் போனாலும் அது நேரத்தை விடாது.

இன்னும் எனக்கு வியப்பாக இருப்பது, இலைக்கும் உச்சிக்கும் நடுவே நடக்கும் பேச்சு. இருட்டை அளப்பது இலை. பூப்பது உச்சி. 1930-களில் அர்மேனியரான மிகாயில் சைலாகியான் இதை நம் செவ்வந்தியிலேயே சோதித்தார். மேல் பாதியில் இலைகளைக் கழற்றிவிட்டு அதற்கு நீண்ட பகலும், கீழ் இலைகளுக்கு நீண்ட இரவும் கொடுத்தார். உச்சி பூத்தது. இலையிலிருந்து ஏதோ ஒன்று மேலே போய்ச் சேதி சொல்கிறது என்று சொல்லி, அதற்குப் புளோரிஜன் என்று பெயர் வைத்தார். அந்தப் பொருள் எது என்று பிடிபட ஏறக்குறைய எழுபது ஆண்டு ஆனது. அது ஒரு சிறிய புரதம், இலையில் உண்டாகித் தண்டு வழியாக ஏறிப் போகிறது. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டுச் செவ்வந்தியில் இன்னொன்றையும் கண்டார்கள்: நடு இரவில் வெளிச்சம் பட்ட இலை சும்மா இருப்பதில்லை, 'பூக்காதே' என்று சொல்லும் வேறொரு புரதத்தைச் செய்து மேலே அனுப்புகிறது.

இதை வாசித்த அன்று இரவு, பத்து மணிக்குக் கூடாரத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பல்பு எரிந்ததும் ஆயிரக்கணக்கான இலைகள் ஒன்றாக 'வேண்டாம், வேண்டாம்' என்று மேலே சொல்லிக்கொண்டிருப்பதாக இருந்தது.

அப்பாயி இப்போது இல்லை. அவருடைய கடைசி வருஷத்தில் ஓர் ஆகஸ்ட் இரவு, லைட் நிறுத்துகிற நாளில், கூடாரத்துக்குக் கூட்டிப் போனேன். பத்து மணி ஆனது. டைமர் சத்தம் வரவில்லை. மற்ற நாள் மாதிரி வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்து நின்ற அவர், "என்னப்பா, கரண்ட் இல்லையா?" என்றார்.

"இருக்கு அப்பாயி. இன்னையிலேருந்து தூங்க விட்டாச்சு."

அவர் கைத்தடியால் பாதையைத் தடவிப் பார்த்துத் திரும்பினார். நான் வழி காட்ட டோர்ச்சை எடுத்தேன். "அத அமத்து, அதுக முழிச்சிக்கிடும்" என்று சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு இருட்டிலேயே நடந்து வந்தார்.